போட்டி: யாருக்கும் யாருக்கும்?

(சென்னை நந்தனத்தில் நடந்த அரசியல் வகுப்பில் நிகழ்த்திய உரை)



போட்டி என்ற சொல்லைப் பற்றிப் பேசும்படி எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் பத்தாவது வரை படித்தவன். காலேஜில் பொருளாதாரம் படித்தவனல்ல. படித்த தோழர்கள் சொல்லிக் கொடுத்ததும், சங்க வேலையாக ஊர் ஊராய்ப் போய்க் கண்டதும் தான் என் கையிருப்பு. கோவை ஆலைகளிலிருந்தும் கீழத் தஞ்சையிலிருந்தும் தோழர்கள் வந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தெரிந்த சரக்குகளை வைத்தே இந்தச் சொல்லை உரசிப் பார்ப்போம்.

பத்திரிகையைப் பிரித்தால் இந்தச் சொல்தான். ரயிலைத் தனியாருக்கு விடு, போட்டி வரும் என்கிறார்கள். மின்சாரத்தைத் தனியாருக்கு விடு, போட்டி வரும் என்கிறார்கள். போட்டி வந்தால் விலை இறங்குமாம், சரக்கு நயமாகுமாம், வாங்குகிறவன் ராஜாவாகிவிடுவானாம். இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் பொய்யர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களுடைய பாடப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. விற்கிறவர்கள் நிறையப் பேர், வாங்குகிறவர்கள் நிறையப் பேர், சரக்கு ஒன்றே, தனி ஒருவர் விலையை ஆட்டி வைக்க முடியாது, யாரும் தொழிலுக்குள் வரலாம், யாரும் போகலாம். இதற்குப் பூரணப் போட்டி என்று பெயர்.

இப்படி ஓர் இடம் உண்டா? ஏறக்குறைய உண்டு. இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் கீரை விற்கும் அம்மாமார்களைப் பாருங்கள். ஒருவர் கட்டு பதினைந்து ரூபாய் என்றால் பக்கத்துக் கூடைக்காரர் இருபது என்று சொல்ல முடியாது. வாடிப் போவதற்குள் விற்றாக வேண்டும். பாடப் புத்தகம் சொல்வதெல்லாம் இந்த அம்மாளுக்கு அப்படியே பொருந்தும். ஆனால் காலையில் அவருக்குக் கடன் கொடுத்து மாலையில் வட்டியோடு வசூலிக்கிறாரே தண்டல்காரர், அவரிடம் இந்தப் பூரணப் போட்டி எட்டிப் பார்ப்பதில்லை. போட்டி கூடைக்குக் கூடை நடக்கிறது. கூடைக்கு மேலே போனால் கதை வேறு.

மேலே என்ன கதை என்பதற்கு, முதலில் தூத்துக்குடிக்குப் போவோம்.

1906ஆம் வருஷம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கம் என்ற கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், 40,000 பங்குகள். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே அதுவரை பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் என்ற வெள்ளைக்காரக் கம்பெனிதான் கப்பல் ஓட்டியது. சுதேசிக் கப்பல்கள் காலியாவும் லாவோவும் வந்தன. ஜனங்கள் ஏறினார்கள்.

வெள்ளைக்காரன் என்ன செய்தான்? நல்ல கப்பல் விட்டானா? நேரத்துக்கு ஓட்டினானா? கட்டணத்தை ஒரு ரூபாய் ஆக்கினான். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறங்கியது. அப்புறம் அவன் இலவசமாகவே ஏற்றிக்கொண்டு போவதாகச் சொன்னான். ஏறுகிறவனுக்கு ஒரு குடையும் இனாம் என்றான். பாடப் புத்தகப்படி பார்த்தால் இதுதான் போட்டியின் உச்சம். பிரயாணிக்கு இதைவிட மலிவு ஏது? ஆனால் அந்தக் குடைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அந்தக் கம்பெனி பல கடல்களில் கப்பல் ஓட்டியது. தூத்துக்குடியில் போகிற நஷ்டத்தை மற்ற துறைமுகங்களில் கட்டிக்கொள்ளலாம். சுதேசிக் கம்பெனிக்கு இருந்ததோ இந்த ஒரு கடல், 25 ரூபாய்ப் பங்குகள், ஜனங்களின் அபிமானம். அதோடும் விடவில்லை. 1908 மார்ச்சில் பிள்ளையைக் கைது செய்தார்கள். ஆயுள் தண்டனை விதித்தார்கள். 1911ல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதற்குப் பிறகு யாராவது குடை கொடுத்தார்களா?

ஆகவே தோழர்களே, பெரிய முதல் இருக்கிற இடத்தில் போட்டி என்பது, யார் அதிக நாள் நஷ்டத்தைத் தாங்குவார் என்கிற பந்தயமாகி விடுகிறது. நல்ல சரக்கு, கெட்ட சரக்கு என்பதெல்லாம் அப்புறம். நஷ்டம் தாங்குகிறவனுடைய பை பெரியதாக இருந்தால் போதும். தாங்கி முடித்த பிறகு, தாங்கியதை வட்டியோடு நம்மிடமே வசூலிப்பான்.

இது பழங்கதை என்று நினைக்கிற இளம் தோழர்கள் தங்கள் சட்டைப் பையில் இருக்கும் செல்போனைத் தொட்டுப் பாருங்கள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. பேச்சு இலவசம், டேட்டா இலவசம். 2017 மார்ச் முடிய அந்த இலவசம் ஓடியது. பணம் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் சம்பாதித்த பணம். நம் தமிழ்நாட்டில் பிறந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் சிக்னல் இல்லாமல் விழுந்தது. நம்பரை மாற்றிக்கொள்ள ஜனங்கள் கடை வாசலில் வரிசையில் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். வோடபோனும் ஐடியாவும் பிழைப்பதற்காக ஒன்றாகச் சேர்ந்தன. சர்க்காரின் சொந்தக் கம்பெனியான பி.எஸ்.என்.எல்லுக்கு 2019 வரை 4ஜி அலைவரிசையை ஒதுக்காமல் வைத்திருந்தார்கள். காலைக் கட்டிவிட்டு ஓடச் சொன்ன மாதிரி. பத்துக்கு மேல் இருந்த கம்பெனிகள் மூன்று தனியாரும் ஒரு சர்க்கார் கம்பெனியுமாகச் சுருங்கின. 2019 டிசம்பரில் மூன்று தனியாரும் சில நாள் இடைவெளியில் கட்டணத்தை ஏற்றினார்கள். 2024 ஜூலையில் மறுபடியும் மூவரும் அடுத்தடுத்து ஏற்றினார்கள். குடை மடங்கிவிட்டது. மழை இன்னும் நிற்கவில்லை.

ஒருவரை ஒருவர் விழுங்க முடியாத இடத்தில் என்ன செய்வார்கள்? உட்கார்ந்து பேசிக்கொள்வார்கள். சிமெண்டு மூட்டையைப் பாருங்கள். பத்துப் பெயர், பத்துப் படம், யானை, புலி எல்லாம் போட்டு ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது போல விளம்பரம். 2012 ஜூனில் மத்திய சர்க்காரின் போட்டி ஆணையம் 11 சிமெண்டுக் கம்பெனிகளுக்கு 6,300 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. அவர்கள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டு உற்பத்தியையும் விலையையும் கட்டுப்படுத்தினார்கள் என்பது ஆணையத்தின் முடிவு. அதன் பிறகு அப்பீல், மறு உத்தரவு, மறுபடி அப்பீல் என்று வருஷக்கணக்கில் இழுத்தது. வீடு கட்டியவனுக்கு மூட்டைக்கு ஒரு ரூபாய் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படவில்லை. போட்டியைப் போற்றிய ஆதம் ஸ்மித்தே, ஒரே தொழில் செய்யும் வியாபாரிகள் கூடினால் பேச்சு விலையேற்றும் யோசனையில் போய் முடியும் என்று 1776லேயே எழுதி வைத்தார். அவரைப் புகழ்கிறவர்கள் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டுவதில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருவோம். நாம் கூடியிருக்கும் இந்த நந்தனத்தில், பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் சாலையில், ஆவின் இல்லம் இருக்கிறது. காலையில் நீங்கள் குடித்த டீயின் பால் கணக்கு அங்கேதான் போடப்படுகிறது. கோவைத் தோழர் பாக்கெட்டை வாங்குகிறார். கிராமத்துத் தோழர் ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு, கூலி இல்லாத நாளில் அந்தப் பால் காசில் அரிசி வாங்குகிறார். ஒரே பாக்கெட்டின் இரண்டு முனையிலும் நம் ஆட்கள்தான் இருக்கிறார்கள். ஆகவே இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

ஆவின் கூட்டுறவு. கிராமத்தில் சங்கம், ஜில்லாவில் ஒன்றியம், மேலே இணையம். 1958ல் சர்க்கார் பால்வளத் துறையை ஏற்படுத்தியது. 1981 பிப்ரவரியிலிருந்து வியாபாரத்தை இணையம் நடத்துகிறது. 2023 மே மாதம் முதலமைச்சர் ஸ்டாலின் மத்திய மந்திரி அமித் ஷாவுக்கு எழுதிய கடிதத்தில் கொடுத்த கணக்குப்படி 9,673 கிராமச் சங்கங்கள், பால் ஊற்றுகிறவர்கள் சுமார் நாலரை லட்சம் பேர், நாள் ஒன்றுக்கு 35 லட்சம் லிட்டர். இதற்கு எதிரே தனியார் இருக்கிறார்கள். ஆரோக்யா விற்கும் ஹட்சன் நம் ஊர்க் கம்பெனி. திருமலா ஆந்திராவில் ஆரம்பித்தது. 2014ல் அதை லாக்டாலிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனி வாங்கிவிட்டது. அது உலகத்திலேயே பெரிய பால் கம்பெனிகளில் ஒன்று. இன்னும் பல கம்பெனிகள் இருக்கின்றன. ஆக, போட்டிக்குக் குறைவில்லை.

பாடம் என்ன சொல்கிறது? போட்டி இருந்தால் ஊற்றுகிறவனுக்கு விலை ஏற வேண்டும், குடிக்கிறவனுக்கு விலை இறங்க வேண்டும். நடந்ததைப் பாருங்கள்.

2021 மே மாதம் ஆவின் லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தது. நீலப் பாக்கெட் 43லிருந்து 40க்கு வந்தது. பட்டணத்து ஜனங்களுக்கு நல்லது, நாமும் வரவேற்றோம். தனியார் அந்த விலைக்கு இறங்கி வந்தார்களா? இல்லை. ஆவின் எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேராது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் இஷ்டத்துக்குப் பறக்க முடியாமல் காலில் கட்டிய கயிறு ஆவின் விலைதான். கயிறு அறுந்த அன்றைக்குப் பால் என்ன விலைக்கு விற்கும் என்பதற்கு செல்போன் கட்டணமே ஜோசியம்.

மறு முனைக்குப் போவோம். 2022 நவம்பரில் ஆவின் பசும்பாலுக்குக் கொடுக்கும் விலையை 32லிருந்து 35 ரூபாய் ஆக்கியது. எருமைப் பால் 41லிருந்து 44. தீவனம், புண்ணாக்கு, வைக்கோல் விலையை மாடு வைத்திருப்பவரிடம் கேளுங்கள். இந்த மூன்று ரூபாய் எந்த மூலைக்கு என்பார். 2023 மார்ச்சில் உற்பத்தியாளர்கள் லிட்டருக்கு ஏழு ரூபாய் கூட்டிக் கேட்டுப் போராடினார்கள். பால் ரோட்டில் கொட்டியது. அந்த வருஷ டிசம்பரில் மூன்று ரூபாய் ஊக்கத்தொகை வந்தது. இடைப்பட்ட காலத்தில் தனியார் ஏஜெண்டு ஊருக்குள் வந்தார். ஆவினைவிடச் சில ரூபாய் கூடுதல். பத்து நாளைக்கு ஒரு முறை கையில் பணம். மாடு வாங்க முன்பணம். சங்கத்திலோ பட்டுவாடா தள்ளித் தள்ளிப் போனது. பால் எந்தப் பக்கம் போகும்? ஆவினின் கேன் காலியானது.

ஏஜெண்டுக்கு ஊற்றிய குடியானவரைத் துரோகி என்று ஒரு தோழர் கூட்டத்தில் பேசினார். அவருக்கு மாதச் சம்பளம் வருகிறது, பேசுகிறார். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கக் காசில்லாதவன் தத்துவம் பார்த்துப் பால் ஊற்ற மாட்டான்.

ஆனால் இந்தக் கணக்குக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2020ல் ஊரடங்கு போட்டார்கள். டீக்கடை, ஓட்டல், கல்யாண மண்டபம் எல்லாம் மூடிக் கிடந்தன. தனியார் கம்பெனிகள் வாங்கும் விலையை வெட்டினார்கள். வாங்கும் அளவையும் குறைத்தார்கள். ஊரடங்கு உத்தரவு மாட்டுக்குத் தெரியுமா? அது கறந்துகொண்டே இருந்தது. அன்றைக்கு அந்தப் பாலை வாங்கிக்கொண்டது சங்கம். ஏஜெண்டுக்கு ஊற்றியவர்களும் சங்கத்து வாசலில் வந்து நின்றார்கள்.

ஆக, தனியாரின் கூடுதல் விலை எதனால் வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் சங்கம் இருப்பதால்தான் அவர் கூடக் கொடுக்கிறார். சங்கம் செத்துப் போன ஊரில் ஏஜெண்டு சொன்னதுதான் விலை, அவர் கையில் இருக்கும் கருவி காட்டுவதுதான் கொழுப்பு. முன்பணம் வாங்கியவன் வேறு ஆளைத் தேடவும் முடியாது.

இந்த உண்மையைக் குஜராத்திலே கெயிரா ஜில்லா விவசாயிகள் கண்டுபிடித்தார்கள். 1945ல் பம்பாய் சர்க்கார் அங்கே பாலை வாங்கி அனுப்பும் உரிமையைப் பால்சன் என்ற ஒரே கம்பெனிக்குக் கொடுத்தது. விவசாயிகள் பதினைந்து நாள் அந்தக் கம்பெனிக்குச் சொட்டுப் பால் ஊற்றவில்லை. திரிபுவன்தாஸ் படேல் தலைமையில் 1946ல் சொந்தமாகச் சங்கம் கண்டார்கள். அதுதான் அமுல். போட்டி என்ற சொல்லைச் சாதாரண ஜனங்கள் தங்களுக்குச் சாதகமாகத் திருப்பிய இடம் அது. ஆயிரம் சிறியவர்கள் ஆயிரம் பேராகப் போட்டி போடாமல் ஒரே ஆளாக நின்றார்கள்.

அதே அமுல் 2023ல் கிருஷ்ணகிரி ஜில்லாவில் குளிரூட்டும் நிலையமும் ஆலையும் வைத்து, தர்மபுரி, வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கங்களில் பால் எடுக்கத் திட்டமிடுகிறது என்றுதான் முதலமைச்சர் அந்தக் கடிதம் எழுதினார். ஒரு ராஜ்யத்தின் கூட்டுறவு இன்னொரு ராஜ்யத்தின் பால் வட்டத்துக்குள் புகக் கூடாது என்பது அதுவரை இருந்த வழக்கம். எனக்கு இதில் வருத்தமான விஷயம் ஒன்று உண்டு. கெயிரா விவசாயியின் சங்கமும் கிருஷ்ணகிரி விவசாயியின் சங்கமும் மோதிக்கொண்டால் ஓரத்தில் நின்று பார்க்கப் போவது யார்? பிரான்சிலிருந்து வந்த முதலாளிதான். ஆனால் கடிதம் எழுதினால் மட்டும் பால் சங்கத்துக்குத் திரும்பி வராது. பட்டுவாடா நாளுக்கு வந்தால் வரும்.

விளம்பரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நந்தனம் சிக்னலில் நின்று அண்ணா சாலையைப் பாருங்கள். எத்தனை போர்டு! ஒரே ஊர் மாட்டில் கறந்த பாலை இரண்டு பாக்கெட்டில் அடைத்தால் வித்தியாசம் என்ன இருக்கும்? பாக்கெட்டின் நிறம், சிரிக்கிற குழந்தை, கிரிக்கெட்காரர். இதற்கு ஆகும் செலவும் பால் விலையில்தான் ஏறுகிறது. மார்க்கெட்டிங் என்று தனிப் படிப்பே இருக்கிறது. சரக்கை மாற்றாமல் நினைப்பை மாற்றும் வித்தை அதில் பாதி. இந்த வித்தை ஆவினையும் தொற்றியது. பச்சைப் பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், லிட்டர் 44 ரூபாய். 2023 நவம்பரில் அதற்குப் பதிலாக ஊதாப் பாக்கெட்டை முன்னுக்குக் கொண்டு வந்தார்கள். கொழுப்பு 3.5 சதவீதம், விலை அதே 44. விலை ஏறவில்லை என்றார்கள். ஏறவில்லைதான், கொழுப்பு இறங்கியது! ஜனங்கள் கண்டுபிடித்துக் கூச்சல் போட்டார்கள். கூட்டுறவின் பெயரை வைத்துக்கொண்டு முதலாளியின் தந்திரத்தைக் கையாண்டால் ஜனங்களின் நம்பிக்கை போகும். நம்பிக்கையைத் தவிர அதனிடம் வேறென்ன பெரிய மூலதனம் இருக்கிறது?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கோவைத் தோழர் பால் விலை ஏறக் கூடாது என்கிறார். கிராமத்துத் தோழர் ஏற வேண்டும் என்கிறார். இருவரும் சொல்வது நியாயம். ஆனால் இருவரையும் எதிரெதிராக நிறுத்தி வேடிக்கை பார்க்கிறார்கள். இதே வேலையை ஆலை வாசலிலும் வயல் வரப்பிலும் செய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உள்ளூர்த் தொழிலாளிக்கு எதிராகக் கல்யாணப் பணம் தருவதாகச் சொல்லி மூன்று வருஷம் விடுதியில் அடைத்த சின்னப் பெண்கள், அவர்களுக்கு எதிராக ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வருகிற பையன்கள். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25ந் தேதி 44 உயிர்களைக் கொளுத்தினார்களே, அந்தத் தகராறில் ஒரு அம்சம் என்ன? கூலி நெல் கூடக் கேட்டவர்களுக்கு எதிராக மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கியது. முதலாளிகளுக்குள் போட்டி என்றால் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். தொழிலாளிக்குள் போட்டி என்றால் அது மட்டும் தீரவே கூடாது!

வடக்கிலிருந்து வந்த பையன் நம் கூலியைக் குறைக்கிறான் என்று சில தோழர்கள் கசப்பாகப் பேசுகிறார்கள். அவனை விரட்டினால் வேறொருவனைக் கொண்டு வருவார்கள். அவனுக்கும் உனக்கும் ஒரே கூலி என்று சங்கம் வாங்கிவிட்டால் அவனைக் கொண்டு வர முதலாளிக்கு என்ன அவசியம்? இன்னொன்றையும் கேளுங்கள். தூத்துக்குடியில் கோரல் மில்லை நடத்திய ஹார்வி கம்பெனிதான் அந்த வெள்ளைக்காரக் கப்பலுக்கும் அங்கே ஏஜெண்டு. முதலுக்கு முதல் மோதிய கப்பல் சண்டையில் அவர்கள் பக்கம் வென்றது. ஆனால் 1908 பிப்ரவரி 27ந் தேதி மில் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்து, ஒரு வாரத்துக்கு மேல் கலையாமல் நின்றபோது, அதே ஹார்வி கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் கொடுத்தான். அங்கே பணம் எண்ணிப் பார்க்கிற பந்தயம் இல்லை.

பாலுக்கும் அதே வழிதான். குடிக்கிறவனுக்கும் ஊற்றுகிறவனுக்கும் நடுவே விழுகிற பள்ளத்தை யார் தூர்ப்பது? கர்நாடகத்தில் சர்க்கார் கஜானாவிலிருந்து லிட்டருக்கு ஐந்து ரூபாய் உற்பத்தியாளருக்குப் போகிறது; 2016லிருந்து அந்த வீதம். இங்கே 2021ல் விலையைக் குறைத்தபோது அந்தச் சுமை ஆவின் தலையிலும் கடைசியில் ஊற்றுகிறவன் தலையிலும் இறங்கியது. மலிவு விலை ஜனங்களுக்குச் சர்க்கார் செய்யும் உதவி என்றால் அதற்குச் சர்க்கார்தான் பணம் போட வேண்டும். இதை ஆலைத் தொழிலாளர் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஒரே நோட்டீசில் அச்சடித்துக் கேட்க வேண்டும். இதுவரை தனித்தனியாக, ஒன்றுக்கொன்று முரணாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

பேச்சுக்கு முன்னால் திருவண்ணாமலைப் பக்கத்துத் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணே, எங்க ஊர்ல ஏஜெண்டு மூணு ரூபா கூடத் தர்றான். நான் யாருக்கு ஊத்துறது?" அவருக்கு இங்கேயே பதில் சொல்கிறேன். சங்கத்தில் உறுப்பினராக இருங்கள், ஒரு வேளைப் பாலையாவது அங்கே ஊற்றுங்கள், பொதுக்குழு கூடுகிற நாளில் வேலைக்குப் போகாமல் அங்கே போய் உட்காருங்கள். கொழுப்பு பார்க்கிற கருவியை உங்கள் கண் முன்னே வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணை உங்கள் அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பத்து நாளைக்கு ஒரு முறை பணம் பட்டுவாடா ஆக வேண்டும் என்று தீர்மானம் போட்டு, அதில் உங்கள் தெருக்காரர்கள் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கி ஒன்றியத்துக்கு அனுப்புங்கள். ஒரு நகலை இங்கே நந்தனத்துக்கு அனுப்புங்கள். முகவரி நான் எழுதித் தருகிறேன்.